கோடையிலும் வற்றாத அழகு: சைக்கிள், பறவை, துடுப்பு படகு... மரக்காணம் பக்கம் ஒரு நாள் போய் வரலாம்

திண்டிவனம்,

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு கிளம்பிவிடும். ஆனால் ரூம் வாடகை, வேன் வாடகை எல்லாம் கூட்டிப்பார்த்தால் கூலி வேலை செய்பவர்களுக்கு அது கட்டுப்படி ஆகாது. விழுப்புரம் மாவட்ட மக்களுக்கு பஸ் காசும், கட்டுச்சோறும் இருந்தாலே போதும். சைக்கிள் ஓட்டி, பறவை பார்த்து, படகில் துடுப்பு போட்டு ஒரே நாளில் வீடு திரும்ப ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் மரக்காணம் கழுவெளி ஏரி.

எங்கே உள்ளது?

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் சுமார் 35 கிலோ மீட்டர். அங்கிருந்து தெற்கே கிழக்கு கடற்கரை சாலைக்கு மேற்கில், மரக்காணம், வானூர் தாலுகாக்களில் பரந்து கிடக்கிறது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் ஒரு பக்கம் வந்து சேர, உப்புக்கல்லி ஓடை வழியாக கடல் நீர் மறுபக்கம் ஏறி வரும். இடையன்திட்டு கழிமுகம் வழியே ஏரி கடலோடு சேர்கிறது. இப்படி நல்ல தண்ணீரும் உப்பு தண்ணீரும் கலப்பதால் மீன், இறால், புழு, பூச்சிக்கு குறைவில்லை. அதைத் தேடித்தான் பறவைகள் வருகின்றன.

2021-ம் ஆண்டு 5 ஆயிரத்து 151 ஹெக்டேர் பரப்பை தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டு மாதம் ராம்சார் பட்டியலிலும் கழுவெளி இடம்பிடித்தது. 1971-ல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கு தரப்படும் அந்தஸ்து இது என்பது குறிப்பிடத்தக்கது.

விடியலில் சைக்கிள்

கத்திரி வெயிலில் 9 மணிக்கு மேல் சைக்கிள் மிதித்தால் மண்டை காய்ந்துவிடும். அதனால் பொழுது விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். மரக்காணத்தை ஒட்டி சாலையோரமே உப்பளங்கள் தொடங்கிவிடும். வெள்ளை வெளேர் என குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை பார்த்தபடி போகலாம்.

கோடைதான் உப்புக்கு அறுவடை காலம். நமக்கு உல்லாசம் தரும் அதே விடியலில், வெயில் ஏறும் முன்பே வேலையை முடிக்க தொழிலாளர்கள் பாத்தியில் இறங்கி இருப்பார்கள். மழைக்காலத்தில் இவர்களுக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பள தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5 ஆயிரம் நிவாரணம் தரும் திட்டத்தை அரசு 2022-ல் தொடங்கியது. பாத்தி வரப்பில் சைக்கிளை ஏற்றினால் கரை உடைந்து அவர்கள் உழைப்பு வீணாகும். ஆகவே பாதையை விட்டு இறங்கக்கூடாது.

கிழக்கு கடற்கரை சாலையில் கார்கள் பறக்கும். குழந்தைகளுடன் வருபவர்கள் அந்த சாலையை தவிர்த்து கிராம சாலைகளில் போவதே நல்லது.

என்ன பறவை பார்க்கலாம்?

மத்திய ஆசியாவில் இருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற விருந்தாளிகள் அக்டோபர் வாக்கில் வந்து, மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்பிவிடும். அப்படியானால் மே மாதத்தில் என்ன இருக்கும் என்று கேட்கலாம். உள்ளூர் பறவைகள் இருக்கும்.

மஞ்சள் மூக்கு நாரை முழங்கால் அளவு தண்ணீரில் அலகை திறந்து வைத்தபடி நடக்கும். மீன் அலகில் பட்டதும் 'டக்' என மூடிக்கொள்ளும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசி துழாவும். கூழைக்கடா தாடைப் பையால் மீனை வாரி எடுக்கும். பவளக்கால் உள்ளான் சிவந்த காலில் சேற்றோரம் ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும் கண்ணில் படும். உப்பு நீரில் உள்ள பாசியையும், பொடி உயிர்களையும் தின்பதால்தான் அதன் இறகுக்கு ரோஸ் நிறம் வருகிறது.

தண்ணீர் குறைந்தால்...

கோடையில் சேறு தெரிவதை பார்த்து "ஏரி செத்துப்போச்சு" என்று சிலர் சொல்வது உண்டு. அது தவறு. ஆழம் குறைந்தால்தான் நீண்ட கால் பறவைகளுக்கு மீன் எட்டும். அந்த சேறுதான் அவற்றின் சாப்பாட்டு தட்டு.

ஆனால் ஆபத்தும் அப்போதுதான். தண்ணீர் சுருங்கும்போது எல்லா பறவைகளும் ஒரே பள்ளத்தில் கூடும். வலை விரிப்பவனுக்கும், விஷம் வைப்பவனுக்கும் அது வசதி. காய்ந்த ஓரத்தை மடக்கிப்போடும் ஆக்கிரமிப்புக்கும் அதுவே நேரம். கழிமுகத்தில் மீன்பிடி துறைமுகம் கட்டும் திட்டம் பசுமை தீர்ப்பாயம் வரை போனது. சரணாலயத்தில் பறவை பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி சிறை தண்டனைக்கு உரிய குற்றம்.

பறவை பார்க்கப்போகிறவர்கள் கரையோடு நின்றுகொள்ள வேண்டும். போட்டோவுக்காக ஒருமுறை விரட்டினால், இரை தேடும் காலை நேரம் அவற்றுக்கு பாழாகும். பட்டாசு, பாட்டு சத்தம், பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

துடுப்பு போட எங்கே?

சரணாலயத்துக்குள் இஷ்டத்துக்கு படகு விடக்கூடாது. அதற்கு கிழக்கு கடற்கரை சாலையில் வடக்கே சுமார் 30 கிலோ மீட்டர் போக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சி கழகத்தின் படகு குழாம் உள்ளது. அங்குள்ள உப்பங்கழியில் படகு சவாரி போகலாம். கயாக் எனப்படும் குறுகிய துடுப்பு படகு உள்ளதா, கட்டணம் எவ்வளவு என்பதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பனி பிரதேச மக்கள் சீல் வேட்டைக்கு செய்த படகுதான் கயாக். வெளிநாட்டு விளையாட்டு என்று மலைக்க வேண்டியது இல்லை. நம் மீனவர்களின் 'கட்டுமரம்' என்ற சொல்லைத்தான் ஆங்கிலேயன் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்த பிறகு படகு ஏறுவதே நல்லது. நீச்சல் தெரிந்தாலும் லைப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம். அங்கே குளிக்க இறங்கவே கூடாது.

வழியில் கோட்டை

போகும் வழியில் கடப்பாக்கம் அருகே ஆலம்பரை கோட்டை உள்ளது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு பரிசாக கிடைத்து, 1760-ல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை இது. மரக்காணத்திலேயே சோழர் கால பூமீஸ்வரர் கோவிலும் இருக்கிறது. பழைய கிரேக்க குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கையில் என்ன வேண்டும்?

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, புளிசாதம், உப்பு போட்ட மோர். பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கட்டும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

கொண்டுபோன பையையும் பாட்டிலையும் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டால், அக்டோபரில் வரும் வெளிநாட்டு பறவைக்கும் கழுவெளியில் இடம் இருக்கும்.