மும்பைக்குள் ஒரு காடு, அதில் சிறுத்தைகள்: சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா எப்படி இயங்குகிறது?

மும்பை போரிவலி ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் நுழைவாயில் வந்துவிடும். காலையில் வாக்கிங் போகிறவர்கள் நுழையும் இந்த வளாகத்தின் காட்டுப் பகுதியில்தான் சிறுத்தைகள் திரிகின்றன. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரில் இது எப்படிச் சாத்தியம்? சிக்கல் எங்கே வருகிறது?

எவ்வளவு பெரிய காடு?

பரப்பளவு சுமார் 104 சதுர கி.மீ. ஒரு பக்கம் மும்பையின் போரிவலி, முலுண்ட். இன்னொரு பக்கம் தாணே. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். புள்ளிமான், கடமான், குரங்குகள், 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே உள்ளன.

மும்பைக்குக் குடிநீர் தரும் விகார் (1860), துளசி (1879) ஏரிகளும் இதற்குள்தான் இருக்கின்றன. நீங்கள் மும்பைவாசி என்றால், உங்கள் குழாய்த் தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

பூங்கா என்றால் எங்கும் சுற்றலாமா?

முடியாது. 'பூங்கா' என்பது பெயரில்தான். சட்டப்படி இது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தேசியப் பூங்கா. போரிவலி நுழைவாயிலை ஒட்டிய சுற்றுலாப் பகுதி, பழமையான கான்ஹேரி பௌத்தக் குகைகள், அங்கே போகும் சாலை ஆகியவை பொதுமக்களுக்கானவை. ஷிலோண்டா போன்ற காட்டுப் பாதைகளில் நடக்க அனுமதி வாங்க வேண்டும். மற்ற பெரும்பகுதி விலங்குகளுக்கு. சஃபாரியில் நீங்கள் பார்க்கும் சிங்கமும் புலியும் வேலிக்குள் வளர்க்கப்படுபவை. காட்டில் சுதந்திரமாக வாழும் பெரும்பூனை சிறுத்தை மட்டுமே.

எத்தனை சிறுத்தைகள்? என்ன சாப்பிடுகின்றன?

பூங்காவிலும் அதைச் சுற்றியும் தானியங்கி கேமராக்கள் வைத்து எடுத்த கணக்கில் 2015-ல் 35, 2018-ல் 47 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. 100 சதுர கி.மீ-க்குச் சுமார் 26 என்ற 2018 மதிப்பீடு, உலக அளவிலேயே மிக அதிகமான அடர்த்திகளில் ஒன்று.

காரணத்தின் ஒரு பகுதி நம்ம குப்பைதான். குப்பை சேர்ந்தால் தெருநாய்கள் பெருகும். நாய்களைத் தேடி சிறுத்தை காட்டின் ஓரத்துக்கு வரும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இங்குள்ள சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாகவும், அதனால் சுமார் 1,000 நாய்க்கடிகள் தவிர்க்கப்படலாம் என்றும் மதிப்பிட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே நாய்கள்தான் சிறுத்தையை வீட்டு வாசல் வரை கூட்டி வருகின்றன.

பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?

சிறுத்தை தென்பட்டதும் எழும் முதல் கோரிக்கை இதுதான். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வுப்படி, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த தாக்குதல்கள், சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்றிய காலத்தில் 17 ஆக உயர்ந்தன. பழகிய இடத்தை இழந்து மன அழுத்தத்துக்கு ஆளாகும் சிறுத்தை, புதிய இடத்தில் மனிதர்களோடு மோதும் வாய்ப்பு அதிகம். மும்பையிலும் 2004-ல் தாக்குதல்கள் உச்சத்தைத் தொட்டன. அதன்பிறகு வனத்துறையின் கவனம், பிடிப்பதிலிருந்து மக்களுக்கு விழிப்புணர்வு தருவதை நோக்கித் திரும்பியது. 2011-ல் 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்.ஜி.என்.பி' திட்டம் தொடங்கியது இதற்காகத்தான்.

அப்போ பிரச்னை தீர்ந்துவிட்டதா?

இல்லை. ஆபத்து காட்டின் ஓரத்தில் இருக்கிறது. அதைச் சுமப்பதும் அங்கே வாழ்கிறவர்கள்தான். பூங்காவை ஒட்டிய ஆரே பகுதியில், 2022 அக்டோபரில் 16 மாதக் குழந்தை ஒன்று சிறுத்தை தாக்கி இறந்தது. தெருவிளக்கோ வீட்டுக் கழிப்பறையோ இல்லாத குடியிருப்பில் இருப்பவருக்கும், பத்தாவது மாடி பால்கனியிலிருந்து காட்டை ரசிப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. தலைமுறைகளாக இங்கே வாழும் வார்லி பழங்குடியினர் வாகோபா என்ற புலி தெய்வத்தை வணங்கி, சிறுத்தையோடு வாழப் பழகியவர்கள். அதற்காக அவர்களுக்கு விளக்கும் கழிப்பறையும் வேண்டாம் என்றாகிவிடாது.

இந்த ஓரப் பகுதிதான் சுருங்கியும் வருகிறது. சிறுத்தைகள் நடமாடும் ஆரே, தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. இன்னொரு பக்கம், பூங்காவுக்கு அடியில் தாணே–போரிவலி இரட்டைச் சுரங்கச் சாலைத் திட்டம் வருகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• அனுமதி இல்லாத பாதையில் போகாதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள்.

• காட்டை ஒட்டி வசித்தால், குப்பை தேங்கவிடாதீர்கள். இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள்.

• சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் கூடாதீர்கள், வீடியோ எடுக்கத் துரத்தாதீர்கள். அது விலகிப் போக வழி விடுங்கள். குடியிருப்புக்குள் சிக்கியிருந்தால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணை அழையுங்கள்.