பனிக்காலப் பள்ளிகளில் பிறந்த விளக்குகள்

மார்கழி மாலை ஒன்றில் எங்கள் தெருவிலுள்ள சிறுமி ஒருத்தி மூங்கில் சிம்புகளும் வண்ணக் காகிதமும் கிண்ணம் நிறைய மைதாப் பசையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பில் படிப்பவள். கிறிஸ்துமஸ் விழாவிற்காக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நட்சத்திரம் செய்து கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் ஆசிரியை சொல்லியிருந்தாராம். சிம்புகளை நான் பிடித்துக்கொள்ள, அவள் நூலால் கட்டினாள். கட்டிக்கொண்டே, "தாத்தா, முதன்முதலில் காகிதத்தில் நட்சத்திரம் செய்தவர் யார்?" என்று கேட்டாள்.

பெத்லகேமில் தோன்றிய விண்மீனைப் பற்றி விவிலியம் கூறுவதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வானத்து நட்சத்திரத்தைப் பற்றி அன்று. காகித நட்சத்திரத்தைப் பற்றி. வரலாற்று ஆசிரியனாக நெடுங்காலம் வேலை பார்த்த எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன் அம்மா" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் நான் படித்தறிந்த செய்திகளையே இப்பொழுது மாணவர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். குளிர்காலம் என்றால் நமக்கு விடியற்காலைப் பனியும், கோலமிட்ட வாசலும், ஒரு கம்பளிப் போர்வையும் நினைவுக்கு வருகின்றன. நம்முடைய சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்திற்குக் குறைவதில்லை. வட ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரிலோ டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் கதிரவன் காலை 8½ மணிக்கு மேல் எழுந்து மாலை 4 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறான். பகற்பொழுது ஏறத்தாழ 7½ மணி நேரந்தான். அதிலும் பாதி நேரம் மேகமூட்டம். பள்ளிக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பும் குழந்தைக்கு விளக்கு என்பது எத்தகைய பொருள் என்பதை நாம் சிறிது முயன்றுதான் உணர முடியும். அந்நாட்டுக் குளிர்கால வழக்கங்கள் பலவும் விளக்கைச் சுற்றியே அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, சிறுமியின் கேள்விக்கு வருவோம். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் நீஸ்கி என்னும் சிற்றூர் உள்ளது. 1742-ஆம் ஆண்டில், பொஹீமியாவிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் அமைத்த ஊர் அது. அங்கே மொரேவிய சகோதரர் சபையார் மாணவர் விடுதியுடன் கூடிய பள்ளி ஒன்றை நடத்தினார்கள். அப்பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு விழா 1821 ஜனவரியில் நடந்தபொழுது, 110 முனைகளையுடைய காகித நட்சத்திரம் ஒன்று உள்ளே விளக்கேற்றித் தொங்கவிடப்பட்டது. வடிவ கணிதத்தைப் பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்று கருதிய ஆசிரியர்கள், காகிதத்தை மடித்துக் கூம்புகளாக்கி ஒன்றோடொன்று ஒட்டச் செய்தார்கள். நம் மாணவர்களில் பலருக்கு வேம்பாகக் கசக்கும் கணித பாடத்திலிருந்து ஒரு திருவிழாவே கிளைத்தது என்பதை எண்ணும்பொழுது எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் படித்த காலத்தில் வடிவ கணிதத்திலிருந்து எனக்குக் கிடைத்தது பிரம்படி ஒன்றுதான்.

பிற்காலத்தில் நிலைபெற்ற நட்சத்திரத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். விரும்புவோர் செய்து பார்க்கலாம். 18 சதுரங்களும் 8 சமபக்க முக்கோணங்களும் சேர்ந்து, 26 முகங்கள் கொண்ட ஓர் உருவம் அமைகிறது. ஒவ்வொரு முகத்தின் மீதும் ஒரு கூம்பைப் பொருத்த வேண்டும். மேலே உள்ள ஒரு சதுரத்தை மட்டும் விளக்கு வைப்பதற்கும் தொங்கவிடுவதற்குமாக ஒதுக்கிவிட்டால், எஞ்சி நிற்பவை 25 முனைகள். நாம் மூங்கிலால் கட்டும் ஐந்து முனை நட்சத்திரத்தினும் இது வேறானது.

அந்த விடுதியில் இருந்த பிள்ளைகள் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபொழுதுதான், நான் எதிர்பாராத வகையில், என் விரல் நம் சோழ நாட்டுக் கடற்கரையைத் தொட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயரை நீங்கள் அறிவீர்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அவர் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்த பிராங்கே என்னும் பெரியாருக்குச் சென்றன. பிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும், மற்றவர்க்குப் பள்ளிகளும் நடத்தியவர். அவருடைய பள்ளியில் 1710-இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். பிரபு குலத்தில் பிறந்த அவன் பெயர் சின்செண்டார்ப். பிராங்கேயின் உணவு மேசையில் தரங்கம்பாடிச் செய்திகள் பேசப்படுவதை அவன் கேட்டு வளர்ந்தான். 1715-இல் சீகன்பால்க் தாமே ஐரோப்பாவுக்குச் சென்றபொழுது மலையப்பன் என்னும் தமிழரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். தொலைநாடுகளைப் பற்றிய எண்ணம் அச்சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

அவன் வளர்ந்து பிரபுவானதும், 1722-இல் தன் நிலத்தில் மொரேவிய அகதிகளுக்கு இடங்கொடுத்தான். ஹெர்ன்ஹூட் என்னும் ஊர் அங்கே உருவாயிற்று. அவ்வூரிலிருந்து 1732-இல் இருவர் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டனர். மறு ஆண்டு சிலர் கிரீன்லாந்துக்குச் சென்றனர். பின்னர் சூரினாம், 1771-இல் லாப்ரடோர் எனப் பனி நாடுகளுக்கும் காய்ச்சல் நாடுகளுக்கும் சென்றுகொண்டே இருந்தார்கள். சென்றவர்களுக்குக் குழந்தைகள் பிறந்தன. அக்குழந்தைகள் ஆறு, ஏழு வயதை எட்டியதும் கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். நீஸ்கி, கிளைன்வெல்கா போன்ற ஊர்களின் விடுதிகளே அவர்களுக்கு வீடாயின. லாப்ரடோர் கரைக்குச் சபையின் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறைதான் போய்வந்தது. ஆகவே தாய்க்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வர ஓராண்டும் ஆகலாம். மீண்டும் பெற்றோரின் முகத்தைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. சமயத் தொண்டின் பெருமையைப் பேசும் நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கு அவ்வாறு கடந்து செல்ல மனம் வரவில்லை. ஏழு வயதில் தாயைப் பிரிவது எவ்வளவு உயர்ந்த நோக்கத்திற்காயினும், அதன் விலையைச் செலுத்தியது குழந்தைதானே?

திருவருகைக் காலம் என்று கிறிஸ்தவர்கள் வழங்கும் நாள்கள், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்காம் ஞாயிறன்று தொடங்குகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகள் காகிதத்தை வெட்டி, ஒட்டி, தங்கள் அறையில் நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். வீட்டு நினைவு மிகுதியாக வருத்தும் நாள்களில் கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் கிடைத்தன. அங்கே படித்த பீட்டர் வெர்பேக் என்பவர் பின்னாளில் தம் புத்தகக் கடையில் இந்நட்சத்திரங்களை விற்கத் தொடங்கினார். அவர் மகன் 1897-இல் ஹெர்ன்ஹூட்டில் ஒரு தொழிற்கூடமே அமைத்தார். அதன்பின் அது உலகெங்கும் பரவிய கதை வணிகத்தின் கதை. நமக்கு இங்கு வேண்டுவதில்லை.

இதே காலத்தில் பிறந்த மற்றொரு விளக்கைப் பற்றியும் கூற வேண்டும். ஹாம்பர்க் துறைமுக நகரின் குறுகிய சந்துகளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. ஞாயிறு பள்ளி ஒன்றில் ஆசிரியராய் இருந்த விக்கெர்ன் என்னும் இளைஞர் அந்த வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தார். கவனிப்பாரற்றுத் தெருவில் திரிந்த பிள்ளைகள், பிச்சை எடுத்த பிள்ளைகள், திருடிப் பிடிபட்ட பிள்ளைகள் ஆகியோரைக் கண்டார். அவரே 15 வயதில் தந்தையை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 1833-இல், தம் 25-ஆம் வயதில், நகருக்கு வெளியே ஹார்ன் என்னும் சிற்றூரில் நன்கொடையாகக் கிடைத்த ஓலைக்கூரை வீடு ஒன்றில் தாயாருடன் குடியேறி, அத்தகைய சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு முடிவதற்குள் 12 சிறுவர்கள் வந்துவிட்டனர். அவ்வீட்டுக்கு ரௌஹெஸ் ஹவுஸ் என்று பெயர். கரடுமுரடான வீடு என்பது அதன் பொருள். ரூகே என்பவரின் வீடு என்ற பழைய பெயரே அவ்வாறு மருவிற்று என்பர்.

அக்காலத்துச் சீர்திருத்த இல்லங்களுக்கு உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் இருக்கும். விக்கெர்ன் மதிலே எழுப்பவில்லை. பிள்ளைகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இளைஞரை மூத்த சகோதரராக அமர்த்தினார். தங்களுக்கு வேண்டிய புதிய வீட்டைக் கட்டும் வேலையில் பிள்ளைகளும் கைகொடுத்தார்கள். பாடமும் தோட்ட வேலையும் கைத்தொழிலும் நாளின் பெரும்பகுதியை நிரப்பின.

டிசம்பர் நெருங்கினால் பிள்ளைகள் நாள்தோறும், "கிறிஸ்துமஸ் எப்போது வரும்? இன்னும் எத்தனை நாள்?" என்று அவரைத் துளைத்தெடுப்பார்களாம். நம் வீட்டுக் குழந்தைகள் தீபாவளிக்கு முன் செய்வதும் இதுதானே! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் குழந்தையிடம் "சீக்கிரம் வந்துவிடும்" என்றால் நம்பும். "அடுத்த வாரம் வந்து அழைத்துப் போகிறேன்" என்று கூறிச் சென்ற தந்தை வராமலே போன பிள்ளை, "சீக்கிரம்" என்ற சொல்லை எப்படி நம்பும்? பெரியவர்களின் சொல்லை அளந்து பார்க்க அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

1839-ஆம் ஆண்டில் விக்கெர்ன் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, அதன்மேல் 20 சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் நிறுத்தி, வழிபாட்டுக் கூடத்தில் தொங்கவிட்டார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரு வெள்ளை மெழுகுவத்தி எரிந்தது. மறுநாள் முதல் நாளுக்கு ஒரு சிவப்பு, ஞாயிறுதோறும் ஒரு வெள்ளை என்று கூடிக்கொண்டே வந்தது. எண்ணத் தெரியாத பிள்ளையும் இன்னும் எரியாமல் நிற்பவற்றைப் பார்த்து எஞ்சிய நாள்களை அறிந்துகொண்டது. சிறிது எண்ணத் தெரிந்த பிள்ளை கூட்டலையும் கழித்தலையும் கற்றுக்கொண்டது. வெளியே நாளுக்கு நாள் இருள் நீண்டது. உள்ளே நாளுக்கு நாள் ஒளி கூடியது. டிசம்பர் 24 அன்று சக்கரம் முழுவதும் எரிந்தது. ஆசிரியர் சொன்ன நாள் சொன்னபடி வந்துவிட்டது.

மெழுகுவத்திகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஒன்றாக இராது. கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்து 22 முதல் 28 வரை மாறும். எந்தக் கிழமையில் வந்தால் 22, எந்தக் கிழமையில் வந்தால் 28 என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பின்னர் சக்கரத்தைத் தேவதாரு இலைகளால் சுற்றி அழகுபடுத்தினார்கள். அங்கே பயிற்சி பெற்ற சகோதரர்கள் வேறு இல்லங்களுக்குச் சென்றபொழுது இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு போயினர். சிறு வீடுகளில் வண்டிச் சக்கரத்துக்கு இடமேது? வளையம் சிறுத்தது, ஞாயிற்றுக்கிழமைகளுக்குரிய நான்கு மெழுகுவத்திகள் மட்டும் தங்கின. சீர்திருத்தச் சபையாரிடம் பிறந்த இவ்வளையம் 1925-இல் கொலோன் நகரில் ஒரு கத்தோலிக்க ஆலயத்திலும் தொங்கியது. இன்று பல நாட்டுப் பள்ளிகளில் சிறு குழந்தைகள் இதனைப் பச்சைக் காகிதத்தில் வெட்டி ஒட்டுகிறார்கள். தொன்றுதொட்டு வரும் வழக்கமென்று அவர்களுக்குச் சொல்லப்படுவதும் உண்டு. வரலாறு காட்டும் வயது இருநூறு ஆண்டுகூட இல்லை.

நாள் எண்ணும் அட்டைகளின் கதையும் இதை ஒட்டியதே. ஜெர்மானியக் குடும்பங்கள் சிலவற்றில் கதவில் 24 சுண்ணக்கட்டிக் கோடுகள் இழுத்து, நாளுக்கு ஒன்றாகக் குழந்தைகளை அழிக்கவிடுவார்கள். 1881-இல் பிறந்த கெர்ஹார்ட் லாங் என்பவருக்கு அவர் தாயார் அட்டையில் 24 இனிப்புகளைத் தைத்துக் கொடுத்தாராம். வளர்ந்தபின் அவர் மியூனிக் நகரில் அத்தகைய அட்டைகளை அச்சிட்டார். நான் இன்று கூறிய பிள்ளைகள் அனைவரிலும் பேறுபெற்றவர் அவரே; தாயார் அருகில் இருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சிறுமியிடம் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். நட்சத்திரத்தின் கடைசி முனைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பிள்ளைகளின் அம்மா வரவே இல்லையா, தாத்தா?" என்றாள். கடிதம் வந்தது என்றேன். "எப்போது?" என்றாள். லாப்ரடோர் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும். கப்பல் கோடையில்தான் போகும் என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்து, காகிதத்தின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், பசை காயும் வரையில்.