கடாரத்து நெல்லும் தேக்கிய நீரும்

கடாரம் என்று நம் முன்னோர் வழங்கிய கெடா, மலேசியாவின் நெற்களஞ்சியம் ஆகும். அங்கு விளையும் நெல்லை யாவரும் அறிவர். அந்நெல்லுக்கு நீர் வந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெடாவின் முதலமைச்சராக விளங்கிய வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயை வெட்டுவித்தார். சதுப்பு நிலம் வயலாயிற்று. எனினும் கால்வாய் நீரைக் கொண்டு செல்லுமேயன்றிச் சேர்த்து வைக்காது. ஆகவே உழவர் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே பயிரிட்டனர்.

இக்குறையை நீக்க எழுந்ததே மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1966-இல் தொடங்கிய பணி 1970-இல் பயன் தரலாயிற்று. இதன் அமைப்பு வியப்புக்குரியது. மூடா அணைக்கு நீர்வரத்து மிகுதி, கொள்ளளவோ சிறிது. பெடு அணைக்கு நீர்வரத்துக் குறைவு. கொள்ளளவோ நூறு கோடிக் கன மீட்டருக்கும் மேல். எனவே மலையைக் குடைந்து, ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்க வழியால் இரண்டையும் இணைத்தனர். ஓரணையின் வரவு மற்றோரணையின் சேமிப்பாயிற்று. ஏறத்தாழ 96,000 ஹெக்டர் நிலத்தில் இரு போகம் விளையும் நிலை உண்டாயிற்று.

ஆயினும் அணை கட்டிவிட்டால் அச்சம் தீர்ந்ததென்று எண்ணுதல் தவறு. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது; நீர்மட்டம் தாழ்ந்தது. 1978-இல் கோடைப் போகத்தையே கைவிட வேண்டியதாயிற்று. இரு போக வருவாயை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அஃது எத்தகைய இடர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வாண்டு உணர்த்திய பாடம் யாது? தேக்கிய நீர் அவ்வாண்டுச் செலவுக்கு மட்டும் உரியதன்று. மழையற்ற மறு ஆண்டுக்கும் உரிய வைப்பு நிதி. ஆதலின் முதலில் மழைநீர், அடுத்து ஆற்றுநீர், பின்னர் வயலினின்று வடிந்து மீண்டும் இறைக்கப்படும் நீர், இவை போதாதபோதே அணைநீர் என்னும் முறை போற்றப்படுகின்றது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அணையில் திறந்த நீர் வயலை அடையச் சில நாட்களாகும். அதற்குள் மழை பெய்துவிட்டால் திறந்த நீர் கடலுக்கே போகும். ஆகவே, மழையளவையும் ஆற்றின் ஓட்டத்தையும் நாள்தோறும் கணித்தே மதகைத் திறத்தல் வேண்டும்.

1980களின் இறுதியில் ஆனிங் அணையும் துணைக்கு வந்தது. நாற்று நடாது நேரே விதைக்கும் முறையும் பரவிற்று. எனினும், போகம் தொடங்குமுன் அணையில் எவ்வளவு நீர் உளது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று கணக்கிடும் கடமை சிறிதும் குறையவில்லை. கல்லும் மண்ணும் நீரைத் தடுத்து நிறுத்தும். வறண்ட ஆண்டில் சோற்றுக்கு வழி செய்வது அக்கணக்கே ஆகும்.