இழுப்புக்கு ஒரு மாத்திரை: ஒரு வரலாற்றுப் பார்வை

கார்த்திகை பிறந்துவிட்டால் நம்ம ஊரில் இரண்டு இடங்களில் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, மலையைச் சுற்றும் கூட்டம். இன்னொன்று, மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கும் கூட்டம். விடியற்காலைப் பனி, கிரிவலப் பாதைப் புழுதி, கற்பூரப் புகை என்று எல்லாம் சேர்ந்து, மூச்சுக்குழல் கொஞ்சம் பலவீனமாக உள்ளவர்களைப் படுத்தி எடுத்துவிடும். "லேசா வீசிங், ஒரே தும்மல். அந்த ராத்திரி மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று கேட்பவர்கள் ஏராளம். அந்த ராத்திரி மாத்திரையின் பெயர் மான்டெலுகாஸ்ட். பெரும்பாலும் லீவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது.

சங்க மலரில் மருந்துக் கட்டுரையா என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கு வாய்வழி மருந்து தேடிய கதை ஒரு நல்ல வரலாறு. நம் தமிழ் மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு எச்சரிக்கையில் வந்து முடிகிறது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஆடாதோடை போன வழி

ஆடாதோடையைத் தெரியாத கிராமத்தார் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். ஆடு தொடாத செடி என்பதால் வேலியில் வைப்பார்கள். இருமலுக்கும் இரைப்புக்கும் அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது நம் பாட்டிமார் வழக்கம். நீலகிரியில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினா எடுக்கும் பணிக்காக, சென்னை மாகாண அரசு ஊட்டியில் ஒரு வேதியியல் அறிஞரை வைத்திருந்தது. டேவிட் ஹூப்பர் என்பது அவர் பெயர். அவர் 1888-இல் ஆடாதோடை இலையிலிருந்து 'வாசிசின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். 1960-களில் வாசிசினை மாதிரியாகக் கொண்டு ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். இன்று சளி டானிக் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெயரையோ, அதன் வாரிசான ஆம்ப்ராக்சால் பெயரையோ பெரும்பாலும் காணலாம். வேலியோரச் செடி சீமைக்குப் போய் டானிக்காகத் திரும்பி வந்தது!

ஆனால் பச்சிலை என்றால் பாதகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது என்று விலங்குச் சோதனைகள் காட்டின. எனவே கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தாமாகச் சாப்பிடக் கூடாது.

ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலை

சீனத்து 'மா ஹுவாங்' செடியிலிருந்து எபிட்ரினை 1885-இல் ஜப்பானியர் நாகாய் பிரித்தெடுத்தார். 1924-இல் பீக்கிங்கில் சென், ஷ்மிட் இருவரும் அதன் குணத்தை உலகறியச் செய்தார்கள். ஊசி இல்லாமல், விழுங்கினாலே மூச்சுக்குழல் விரிகிறது என்றதும் ஒரே கொண்டாட்டம். ஆனால் நெஞ்சு படபடத்தது, தூக்கம் போயிற்று, ரத்த அழுத்தம் ஏறியது. என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மாத்திரையில் பினோபார்பிட்டோன் என்ற தூக்க மருந்தையும் கலந்து விற்றார்கள். ஒரு மருந்து கொடுக்கும் தொல்லையை இன்னொரு மருந்தால் அடக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

அடுத்து வந்தது தியோஃபிலின். தேயிலையில் 1888-இல் கண்டெடுக்கப்பட்ட இது, 1920-களில் ஆஸ்துமாவுக்கு வந்தது. நம்மில் பலர் வீட்டில் 'டெரிஃபிலின்' என்ற பெயரில் பார்த்த மருந்தின் ஒரு பாகம் இதுதான். இதில் சிக்கல், பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடவே சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது எரித்ரோமைசின் சாப்பிட்டால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறிவிடும். வாந்தி, படபடப்பு, சில சமயம் வலிப்பு வரைக்கும் போகும்.

1950-களில் ஸ்டீராய்டு மாத்திரை வந்தது. உயிர் போகும் நிலையில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அது பொய்யில்லை. கடும் தாக்குதலில் இன்றும் அதுதான் உயிர் காக்கும் மருந்து. ஆனால் மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது. நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்பதையும் அனுபவத்தில்தான் கற்றார்கள்.

மதனப்பள்ளியும் சுப்பாராவும்

நம்ம பக்கத்தில் "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்பவர்கள் அதிகம். அதற்கும் ஒரு கதை உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள், காசநோய் போலவே தோன்றும் ஆனால் காசநோய் அல்லாத ஒரு நோயைக் கண்டு 1940-இல் எழுதினார்கள். ராத்திரி இருமல், இழுப்பு, ரத்தத்தில் ஈஸ்னோஃபில் அணுக்கள் மிக அதிகம். 1943-இல் வைங்கார்ட்டன் இதற்கு 'டிராபிகல் ஈஸ்னோபீலியா' என்று பெயர் வைத்தார். அப்போது கொடுத்த வைத்தியம் ஆர்சனிக் கலந்த ஊசி மருந்து!

அந்தக் கொடுமையிலிருந்து மீட்டது ஒரு சாதாரண மாத்திரை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், லெடர்லி ஆய்வகத்தில் 1947-இல் யானைக்கால் நோய்க்காக வெளிவந்த டைஎத்தில்கார்பமசின்தான் அது. நோயின் வேர் யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை என்பது தெளிவாகி, 1950-களில் இம்மாத்திரையே அதன் மருந்தாயிற்று. மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். மலாயாவின் டாக்டர் தம்பு ஜான் தனராஜ் 1958-இல் எழுதிய ஆய்வு இதில் முக்கியமானது.

ஆனால் இதிலும் ஒரு தவறு பரவியது. ஈஸ்னோஃபில் சற்றுக் கூடினாலே அந்த நோய்தான் என்று முடிவு கட்டினார்கள். சாதாரண ஆஸ்துமாவிலும், அலர்ஜியிலும், குடல் புழுவிலும்கூட அது கூடும். உண்மையான டிராபிகல் ஈஸ்னோபீலியாவில் கன மில்லிமீட்டருக்கு 3,000-க்கு மேல் இருக்கும். நல்ல மருந்தாக இருந்தாலும், நோயைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பதே மதனப்பள்ளி சொல்லும் பாடம்.

நாகப்பாம்பு விஷத்திலிருந்து

இனி நம் ராத்திரி மாத்திரைக்கு வருவோம். ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்ட வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், 1938-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சார்லஸ் கெல்லவேயுடன் நாகப்பாம்பு விஷத்தை ஆராய்ந்தார். விஷம் பட்ட நுரையீரலிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியாகி, தசையை மெதுவாகச் சுருக்கியது. 'மெதுவாக வினைபுரியும் பொருள்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். ஆஸ்துமாவிலும் அதுவே வேலை செய்கிறது என்று பின்னர் தெரிந்தது. அது இன்னதென்று கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1979-இல் ஸ்வீடனின் பெங்ட் சாமுவெல்சன் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டறிந்து 'லூக்கோட்ரையீன்' என்று பெயர் சூட்டினார்கள். 1982-இல் அவர் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

அந்த லூக்கோட்ரையீன் வந்து உட்காரும் இடத்தை அடைத்துவிட்டால்? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெர்க் கம்பெனி ஆய்வகம் அப்படி ஒரு மருந்தைச் செய்தது. மான்டெலுகாஸ்ட் என்ற பெயரில் உள்ள 'மான்ட்' அந்த ஊர்ப் பெயர்தான். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 வரை நம் நாட்டில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். ஆகவே இந்தியக் கம்பெனிகள் பலவும் இதைத் தயாரித்தன. நாளுக்கு ஒன்று, அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டாம், முகம் உப்பாது. பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், 6 முதல் 14 வயது வரை 5, 2 முதல் 5 வயது வரை 4. மென்று சாப்பிடும் மாத்திரை, சிரப் எல்லாம் வந்தன. இதைவிட என்ன வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள்

ஆனால் வீடுகளிலிருந்து வேறு செய்திகள் வரத் தொடங்கின. பிள்ளை ராத்திரி அலறி எழுகிறான், காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், தூக்கத்தில் நடக்கிறான், பேசாமல் ஒடுங்கிப் போகிறான், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது என்று பெற்றோரும் மருத்துவர்களும் எழுதினார்கள். 2008-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விசாரணையை அறிவித்தது. 2009-இல் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்ந்தது. 2020 மார்ச் 4 அன்று, கட்டம் கட்டிய எச்சரிக்கை என்னும் மிகக் கடுமையான அறிவிப்பே வந்துவிட்டது. லேசான அலர்ஜித் தும்மல், மூக்கொழுகலுக்கு, மற்ற மருந்துகள் பலிக்காவிட்டால் மட்டுமே இதைக் கொடுங்கள் என்றது அது. பிரிட்டனும் 2019-இலும் 2024-இலும் மருத்துவர்களுக்கு நினைவூட்டியது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் வருவதில்லை. சாப்பிடுவோரில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுப்பவர்களோடு ஒப்பிட்ட சில பெரிய ஆய்வுகளில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் முன்பு மனநலக் குறை ஏதும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு நீடித்திருக்கிறது. அரிதாக வரும் கோளாறு சில ஆயிரம் பேரை வைத்து நடத்தும் சோதனையில் அகப்படாது. கோடிக்கணக்கானோர் சாப்பிட்டு, அதில் பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து சொன்ன பிறகே வெளியே வரும். மாத்திரை கடைக்கு வந்த 1998-லிருந்து கட்ட எச்சரிக்கை வந்த 2020 வரை 22 ஆண்டுகள். சொன்னவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நீண்டிருக்கும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். மார்கழிப் பனியில் சளி பிடிக்கிறது. கடையில் ஒரு அட்டை வாங்கி, தீர்ந்ததும் இன்னொரு அட்டை. பரீட்சை நேரத்தில் கெட்ட கனவு, எரிச்சல், அழுகை. "பரீட்சை பயம்பா, சரியாப் போயிடும்" என்று அறை நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 'நீ என்ன மாத்திரை போடுற?' என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

1. இது சட்டப்படி மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. எதற்காக, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்காதீர்கள்.

2. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்த மாத்திரை உடனே உதவாது. அதற்கு வேண்டியது நிவாரண இன்ஹேலர். அதற்கும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

3. ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருத்துவம் இன்ஹேலர் ஸ்டீராய்டுதான். "பம்ப் போட்டா பழகிடும்" என்ற பயம் வீண். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் நாற்பது மடங்கு மருந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான்.

4. மாத்திரை தொடங்கியபின் தூக்கம், கனவு, கோபம், மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வேறு வழி அவர் சொல்வார். இன்ஹேலரை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. மனம் உடைந்த எண்ணம் வந்தால் 14416 என்ற அரசு உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

5. கூட்டு மாத்திரையில் உள்ள லீவோசெட்ரிசின் தூக்கம் வரவழைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

6. எந்த மருந்தால் தொல்லை வந்தாலும் தெரிவியுங்கள். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நோயாளியே சொல்லலாம்.

நம் சங்கத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவ நண்பர்கள் சீட்டு எழுதும்போது "மனசு எப்படி இருக்குன்னு கவனிங்க" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லட்டும். கடை வைத்திருப்பவர்கள் மூன்றாவது அட்டை கேட்கும் பையனிடம் "டாக்டரைப் பாத்தியாப்பா?" என்று கேட்கட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் திடீரென்று ஒடுங்கிப்போன மாணவனைத் தனியே அழைத்து விசாரிக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஆஸ்துமா மருந்தின் நூறாண்டு வரலாற்றில் தவறுகள் திருந்தியதெல்லாம், பாதிக்கப்பட்டவர் சொன்னதை யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால்தான். அந்த ஒருவராக நாம் ஒவ்வொருவரும் இருக்கலாம்.