லிங்கனின் அமைச்சரவையில் பொறாமை

ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்களில் ஒருவர் மட்டும் மேலதிகாரிக்கு நெருக்கமாகிவிட்டால், மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல் வருவது இயற்கை. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

1860-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று லிங்கனிடம் தோற்றவர்களில் இருவர் வில்லியம் சூவர்ட், சால்மன் சேஸ். இருவருக்கும் லிங்கனைவிட அரசியல் அனுபவம் அதிகம். வெற்றி பெற்ற லிங்கன் இருவரையும் ஒதுக்கவில்லை. சூவர்டை வெளியுறவு அமைச்சராகவும் சேஸை நிதி அமைச்சராகவும் ஆக்கிக்கொண்டார். சேஸ் சாமானியர் அல்ல, உள்நாட்டுப் போருக்கு வேண்டிய பணத்தைத் திரட்டியவர் அவர்தான். ஆனால் லிங்கன் மாலை வேளைகளில் போய் உட்கார்ந்து கதை பேசியது சூவர்ட் வீட்டில்! சேஸுக்கு இது பொறுக்கவில்லை. அமைச்சரவையைக் கலந்து பேசாமல், சூவர்ட் சொல்வதைக் கேட்டுத்தான் ஜனாதிபதி நடக்கிறார் என்று செனட்டர்களிடம் சொல்லி வந்தார்.

1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில் வடக்குப் படை படுதோல்வி அடைந்தது. இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 12,000 பேருக்கு மேல் இழப்பு. கோபத்தில் இருந்த செனட்டர்கள் பழியை சூவர்ட் மேல் போட்டு, அவரை நீக்கச் சொன்னார்கள். செய்தி அறிந்த சூவர்ட் உடனே ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டார்.

லிங்கனுக்குத் தர்மசங்கடம். சூவர்டை அனுப்பினால் கட்சியின் மிதவாதிகள் கைவிடுவார்கள், சேஸை அனுப்பினால் தீவிரவாதிகள் சும்மா இருக்கமாட்டார்கள். அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட இன்னும் சுமார் இரண்டு வாரம்தான் இருந்தது.

டிசம்பர் 18 இரவு செனட்டர்கள் குழு வந்து குறைகளை அடுக்கியது. லிங்கன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாளும் வரச் சொன்னார். மறுநாள் அவர்கள் வந்தபோது அதே அறைக்குள் சூவர்ட் தவிர மற்ற அமைச்சர்கள் அனைவரையும் அழைத்தார். அமைச்சரவையில் கலந்து பேசுவது உண்டா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சேஸ் மாட்டிக்கொண்டார். இல்லை என்றால் சக அமைச்சர்களே மறுப்பார்கள், உண்டு என்றால் செனட்டர்களிடம் சொன்னது பொய்யாகும். பொதுவாக முக்கிய விஷயங்கள் பேசப்படுவது உண்டு என்று இழுத்து இழுத்து ஒப்புக்கொண்டார். செனட்டர்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஒருவரைச் சபையில் இப்படி நிறுத்துவது கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பேச்சு, சம்பந்தப்பட்டவர்கள் ஒன்றாக உட்காரும்போது எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பது அந்த இரவில் தெரிந்தது.

டிசம்பர் 20 அன்று சேஸும் ராஜினாமா கடிதத்தோடு வந்தார். கொடுக்கலாமா என்று அவர் தயங்க, லிங்கன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்போது இரண்டு பேருடைய கடிதமும் அவர் கையில். இரண்டையும் ஏற்காமல், இருவரையும் வேலைக்குத் திரும்பச் சொல்லி எழுதினார். ஒருவரை நீக்கி இன்னொருவரை ஜெயிக்க வைக்கவில்லை. 1863 ஜனவரி 1 அன்று பிரகடனம் வெளியானபோது இருவரும் பதவியில் இருந்தார்கள்.

சேஸின் மனம் அதோடு ஆறிவிடவில்லை. 1864 தேர்தலில் லிங்கனுக்குப் பதிலாகத் தானே வேட்பாளராகப் பார்த்தார், அது நடக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், பதவி நியமனம் ஒன்றில் எழுந்த சச்சரவில் மறுபடியும் ராஜினாமா கொடுத்தார். இந்த முறை லிங்கன் ஏற்றுக்கொண்டார். ஆனால் டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார். 1865 மார்ச் 4 அன்று லிங்கனுக்கு இரண்டாம் முறையாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் சேஸ்தான்.