ஐந்து நாள் ஃபிரிட்ஜில் இருந்த கல்லீரல்

1949 டிசம்பர் மாதம். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வுக்குழு எலியின் கல்லீரலை அரைத்து, அதிலுள்ள ஒரு நொதியின் வீரியத்தை அளந்தது. வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அரைத்த கூழை ஃபிரிட்ஜில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து எடுத்து மறுபடி அளந்தபோது அளவு எதிர்பார்த்தபடியே இருந்தது. நொதி என்பது புரதம். வைக்க வைக்க அது கெட்டுப்போவதுதான் வழக்கம். இங்கே நாளாக நாளாக வீரியம் கூடியிருந்தது. கணக்கில் விழுந்த இந்த இடறலிலிருந்துதான் லைசோசோம் கண்டுபிடிக்கப்பட்டது.

சென்ற இதழில் செல்லின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தோம். கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் ஆகிய மூவரும் 1945-இல் கோழிக்கருவின் செல்லைப் படமெடுத்து வெளியிட்ட கதை அது. அந்தப் படம் வந்த பிறகு, செல்லுக்குள் இருப்பதையெல்லாம் இனிக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. லைசோசோம் விஷயத்தில் நடந்தது வேறு. சோதனைக்குழாயில் அளந்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, 'இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும்' என்று முடிவுக்கு வந்த பிறகுதான் அதைப் படமெடுத்தார்கள். செல்லின் வரலாற்றை நுண்ணோக்கியின் வரலாறாக மட்டுமே சொல்லிவருகிறோம். வேதியியலாளரின் தராசுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு என்பதை இந்த ஒரு கண்டுபிடிப்பே காட்டிவிடும்.

குழுவின் தலைவர் கிறிஸ்டியன் டி டூவ். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தைவிட்டு ஓடி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பெற்றோருக்கு 1917-இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர். அவருடைய அக்கறையெல்லாம் இன்சுலின் மேல்தான். இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று அறிய, குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்க முயன்றார். கல்லீரல் சர்க்கரையை இரத்தத்துக்குள் விடுவதற்கு உதவும் நொதி அது. அமிலம் சேர்த்து வீழ்படிவாக்கினால் அது மீண்டும் கரைய மறுத்தது. தனியாக மிதக்கும் புரதம் இப்படி அடம்பிடிக்காது. ஏதோ ஒரு பெரிய துகளோடு அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று டி டூவுக்குச் சந்தேகம் வந்தது. எந்தத் துகள் என்று தெரிய வேண்டுமானால் செல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆல்பர்ட் கிளாட் வகுத்த வழி ஒன்று தயாராக இருந்தது.

கிளாடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்தின் லோங்லியே கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இல்லை. இரும்பாலையில் வேலை பார்த்தார், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக உயிரைப் பணயம் வைத்தார். போரில் பணியாற்றியவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் இடம் தரலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியதால் மட்டுமே அவரால் மருத்துவம் படிக்க முடிந்தது. அந்த விதி தளராமல் போயிருந்தால் செல் உயிரியல் எத்தனை ஆண்டுகள் பின்தங்கியிருக்கும் என்று நினைக்கும்போதே மனம் பதறுகிறது. 1929-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்துக்குப் போனவர், கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸைப் பிரித்தெடுக்க முயன்றார். கட்டியை அரைத்து மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றினார். அடியில் சின்னஞ்சிறு துகள்கள் படிந்தன. வைரஸ் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்குள், நோயில்லாத கோழியின் செல்லிலும் அதே துகள்கள் வந்தன. ஒவ்வொரு செல்லும் தனக்குள் வைத்திருக்கும் உறுப்புகளின் துணுக்குகள் அவை என்று பின்னர் புரிந்தது.

கிளாடின் முறை சொல்வதற்கு எளிமையானது. திசுவை மென்மையாக அரைத்து, செல்லின் வெளிச்சவ்வு மட்டும் கிழியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் மெதுவாகச் சுழற்றினால் கனமான உட்கரு அடியில் தங்கும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து இன்னும் வேகமாகச் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா இறங்கும். அதைவிட வேகத்தில் மைக்ரோசோம்கள் என்ற நுண்துகள்கள். கடைசியில் எஞ்சுவது செல்லின் கரைசல் பகுதி. ஒவ்வொரு படிவையும் தராசில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எந்த நொதி எவ்வளவு என்று அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த மொத்தம் வர வேண்டும். கணக்குப்பிள்ளையின் கண்டிப்போடு இந்த வரவுசெலவைச் சரிபார்க்க வேண்டும் என்பதில் கிளாட் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் டி டூவுக்கும் தொற்றியது.

லூவேனில் தேடிய நொதியான குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் மைக்ரோசோம் படிவில் அகப்பட்டது. அத்தோடு வேலை முடிந்திருக்கலாம். ஒப்பீட்டுக்காக இன்னொரு நொதியையும் கூடவே அளந்துவந்தார்கள். அதன் பெயர் அமில பாஸ்பட்டேஸ். கணக்குப் பிசகியது அதில்தான். முன்பு கல்லீரலை நம் வீட்டு மிக்ஸி போன்ற கருவியில் முரட்டுத்தனமாக அரைத்தபோது இந்த நொதி ஏராளமாகக் கிடைத்தது. கிளாட் சொன்னபடி சர்க்கரைக் கரைசலில் மெல்ல அரைத்தால் கிட்டத்தட்ட காணாமலே போயிற்று. படிவுகளைத் தனித்தனியே அளந்து கூட்டினால், மொத்தக் கூழில் இருந்ததைவிட அதிகமாக வந்தது. முழுமையைவிடப் பகுதிகளின் கூட்டுத்தொகை பெரிதாக இருக்க முடியுமா?

வேறு ஆய்வகமாக இருந்தால் கண்ணாடிக் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை, அளவையில் பிழை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். தேடிய நொதியும் இது அல்லவே! இவர்கள் மாதிரியைத் தூக்கி எறியாமல் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து மறைந்த நொதி வெளியே வந்து நின்றது.

விடை இதுதான்: அந்த நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்தது. சோதனைக்காகச் சேர்த்த வேதிப்பொருளால் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அதனால் நொதி இருந்தும் இல்லாதது போலத் தெரிந்தது. முரட்டுத்தனமாக அரைத்தால் பை கிழிகிறது. நாள்பட வைத்தாலும் பை நைந்துபோகிறது. கூழை உறையவைத்து உருக்கினால் என்ன, சர்க்கரைக்குப் பதில் வெறும் தண்ணீரில் ஊறவிட்டுப் பையை உப்பி வெடிக்கச் செய்தால் என்ன, சவ்வைச் சிதைக்கும் எந்த வழியிலும் நொதி வெளிப்பட்டது.

முதலில் அந்தப் பை மைட்டோகாண்ட்ரியாதான் என்று நினைத்தார்கள், ஏனென்றால் நொதி அந்தப் படிவோடுதான் இறங்கியது. மையவிலக்கியின் வேகத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் சுழற்றியபோது அது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து விலகி, சற்று லேசான தனிப் படிவாக நின்றது. 1955-க்குள் அதே படிவில் ஐந்து நொதிகள் சேர்ந்துவிட்டன. ஒன்று புரதத்தைச் சிதைக்கும், மற்றவை ஆர்.என்.ஏ., டி.என்.ஏ., வேறு மூலக்கூறுகள். ஐந்துக்கும் பொதுவான குணம், எல்லாமே அமிலச் சூழலில் வேலை செய்பவை, எல்லாமே எதையாவது உடைப்பவை. எனவே இது செல்லின் செரிமான அறை என்று டி டூவ் துணிந்து சொன்னார். லைசோசோம் என்று பெயரும் வைத்தார். அந்த ஆண்டில்தான் அமெரிக்காவிலிருந்து வந்த அலெக்ஸ் நோவிகாஃப், இந்தப் படிவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சவ்வால் சூழப்பட்ட அடர்ந்த மணிகள் தெரிந்தன. கம்யூனிஸ்டுகளைத் தேடிய மெக்கார்த்தி காலத்து விசாரணையில் அரசியல் காரணத்துக்காக வெர்மான்ட் பல்கலைக்கழக வேலையை இழந்தவர் அவர். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து இந்தப் படம்.

இன்று லைசோசோமில் ஏறத்தாழ 60 வகை நொதிகள் இருப்பது தெரியும். அதன் உட்புற அமில அளவு பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். வெளியே சைட்டோபிளாசத்தில் 7.2. சவ்வில் பதிந்த புரதப் பம்புகள் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் உள்ளே இறைத்து இந்த வித்தியாசத்தைக் காக்கின்றன. இதில் ஒரு அழகான பாதுகாப்பு உண்டு: ஏதோ ஒரு பை கசிந்தாலும், வெளியே அமிலம் இல்லாததால் நொதிகளின் வேகம் அடங்கிவிடும்.

இந்த நொதிகள் எங்கே தயாராகின்றன என்பதை ராக்கஃபெல்லரில் ஜார்ஜ் பலாடேயின் ஆய்வுகள் விளக்கின. ருமேனியாவிலிருந்து வந்த அவர், புரதத்தை உண்டாக்கும் ரைபோசோமை 1955-இல் விவரித்தார். பிறகு அவருடைய குழுவினர் கினிப்பன்றியின் கணையச் செல்லுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து, புதிதாக உண்டாகும் புரதம் போகும் வழியைத் தொடர்ந்தார்கள். 3 நிமிடத்தில் அது எண்டோபிளாச வலைப்பின்னலில் இருந்தது, 20 நிமிடத்தில் கோல்கை என்ற உறுப்பில். லைசோசோமுக்குப் போகும் நொதிகளும் இதே பாதையில் வந்து, கோல்கையில் பிரிந்து தம் பைக்குப் போகின்றன. 1974-இல் கிளாட், டி டூவ், பலாடே மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் செல்லுக்குப் பழக்கிய கீத் போர்ட்டர் பட்டியலில் இல்லை. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிரக் கூடாது என்ற விதி இருக்கிறது. இருந்தாலும் அது அநியாயம்தான்.

செல் தன்னுடைய பழைய மைட்டோகாண்ட்ரியாவைக்கூடச் சவ்வில் சுற்றி லைசோசோமுக்கு அனுப்பிச் சிதைத்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடி பயன்படுத்துகிறது. இதற்கு ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963-இல் சூட்டியதும் டி டூவ்தான். இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானின் யோஷினோரி ஒசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது.

இந்தச் சிதைக்கும் வேலை நின்றுபோனால் என்ன ஆகும்? அதற்கான சான்று, லைசோசோம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே ஒரு குழந்தையின் இதயத்தில் இருந்தது. நெதர்லாந்தின் நோயியல் மருத்துவர் யோஹன்னஸ் பாம்ப்பே, 7 மாதத்தில் இறந்த பெண் குழந்தையின் இதயம் மிகப் பெரிதாக வீங்கியிருப்பதையும், தசைச் செல்கள் முழுக்கச் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் திணிந்திருப்பதையும் 1932-இல் பதிவுசெய்தார். காரணம் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்த அவரை 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 1963-இல் டி டூவின் பழைய சகா ஹென்றி-ஜெரி ஹெர்ஸ் காரணத்தைக் கண்டார். லைசோசோமுக்குள் கிளைக்கோஜனை உடைக்கும் ஒரே ஒரு நொதி இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இல்லை. ஒரு நோய்க்கு லைசோசோம் நொதியின் குறை காரணம் என்று நிறுவப்பட்டது அதுவே முதல் முறை. இன்று அப்படிப்பட்ட நோய்கள் 50-க்கும் மேல் தெரியும். பாம்ப்பேயின் பெயரால் அழைக்கப்படும் இந்த நோய் வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது.

இல்லாத நொதியை வெளியிலிருந்து ஊசி வழியே கொடுக்கலாம், செல் அதை விழுங்கி லைசோசோமுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்த மருந்துக்கு 2006-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். குழந்தை வளர வளர மருந்தின் அளவும் செலவும் ஏறும். மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. 2022-இல் ஒரு நோயாளிக்கான உதவித்தொகை 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கு அது போதவே போதாது. தொகை தீர்ந்தபின் மருந்து நின்றுவிடக் கூடாது என்று பெற்றோர்கள் உயர் நீதிமன்றங்களின் படியேறியிருக்கிறார்கள்.

(தொடரும்)