மூச்சைத் திருப்பிக் கொடுத்த வரலாறு

இதய அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்குத் தொண்டையில் செலுத்திய குழாய் வழியே இயந்திரம் மூச்சு ஊட்டுகிறது. அதிலிருந்து அவரை விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், குழந்தையைப் பால் மறக்கச் செய்வதற்கு உரிய சொல்லே. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அது மிகப் பொருத்தமாகப் படுகிறது. ஊட்டத் தெரிந்தால் போதாது. நிறுத்தும் பருவமும் அறிய வேண்டும். மருத்துவ உலகம் இந்த இரண்டாவது பாடத்தைக் கற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டம் மருத்துவமனையில், மூச்சு முடங்கித் தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். போதிய இயந்திரங்கள் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் தம் கைகளாலேயே பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்ணின் இதயத்தைத் திறந்து, அதிலிருந்த துளையை அடைத்து வெற்றி கண்டார். இதய அறுவை சிகிச்சை பெருகவே, அதன் பின் மூச்சு ஊட்டுவதும் வழக்கமாயிற்று. 1969-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மார்ஃபின் மருந்தை மிகுந்த அளவில் தரும் முறையை அறிவித்தனர். இதயம் அதைத் தாங்கிற்று, மூச்சோ அடங்கிற்று. ஆகவே இரவு முழுவதும் இயந்திரமே துணை நின்றது.

தாமதத்திற்கு விலை உண்டு. குழாய் நீடித்தால் நிமோனியா நெருங்கும். உழைக்காத உதரவிதானம் மெலியும். அவசரப்பட்டாலோ, களைத்த இதயத்தின்மேல் மூச்சின் சுமையும் ஏறும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண, 1973-இல் ஜான் டௌன்ஸ் முதலியோர் இயந்திரம் தரும் மூச்சுகளைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை வகுத்தனர். அதுவே பல்லாண்டு செல்வாக்குடன் விளங்கிற்று.

1995-இல் ஸ்பெயின் நாட்டு எஸ்டெபன் குழுவினர், இயந்திரத்தைப் பிரிய இயலாமல் தவித்த தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டனர். நாளுக்கு ஒருமுறை நோயாளியைத் தாமே மூச்சுவிடச் செய்து பார்க்கும் எளிய சோதனை, டௌன்ஸ் முறையைவிட ஏறத்தாழ மும்மடங்கு விரைவில் விடுதலை தந்தது! நோயாளியின் வலிமையை நாம் குறைத்தே மதித்திருந்தோம் என்பது அப்போது புலனாயிற்று. அதே காலத்தில் இதய சிகிச்சையிலும் மயக்க மருந்தின் அளவு குறைந்தது. இன்று நிலை சீராக உள்ளவருக்குச் சில மணி நேரத்திலேயே குழாய் அகற்றப்படுகிறது.

அயல்மொழி வழங்கும் ஊரில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்க நேரும் நேயர்கள், "தாமே மூச்சுவிடச் செய்து பார்த்தீர்களா?" என்று மருத்துவரைக் கேட்கத் தயங்க வேண்டா. வரலாறு கற்பித்த கேள்வி அதுவே.